கவிதா வாங்கிய கறுப்பு மிஷின்

கவிதா: படம் அனுப்பியிருக்கிறேன், எல்லாரும் பாருங்கள். சிங்கர் 221 தையல் மிஷின், இங்கே அமெரிக்காவில் ஃபெதர்வெயிட் என்று சொல்வார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள், பெட்டியோடு அப்படியே கிடைத்தது. பேட்ஜில் நீலக் கரை போட்டு 1851-1951 என்று இருக்கிறது, சிங்கர் கம்பெனிக்கு நூறு வருடம் ஆனபோது ஒட்டிய பேட்ஜ் அது.

செல்வி பெரியம்மா: நல்லா இருக்குடி. தங்கப் பூ வேலை கூட தேயவில்லை. ஆனால் விளையாட்டுச் சாமான் அளவுக்கு இருக்கிறதே, இதில் லைனிங் ஜாக்கெட் தைக்க முடியுமா?

கவிதா: தாராளமாக முடியும் பெரியம்மா. உடம்பு அலுமினியம், அதனால் மொத்தமே ஐந்து கிலோதான். ஒரு கையில் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடலாம். இடது பக்கத் தட்டை மேலே மடக்கினால் பெட்டிக்குள் போய்விடும், தைக்கும்போது இறக்கிக்கொள்ள வேண்டும்.

தீபா: அக்கா ஜிக்ஜாக் உண்டா? ஓரம் எப்படி அடிப்பாய்?

கவிதா: கிடையாது. நேர்த் தையல், பின்தையல், அவ்வளவுதான். காஜாவுக்குத் தனியாக ஒரு சாமான் வரும், அதை மாட்டினால் அதுவே துணியை இப்படியும் அப்படியும் அசைத்துக் காஜா போட்டுவிடும்.

தீபா: நீ கொடுத்த விலைக்கு இங்கே நம் ஊரில் இருபது தையல் போடுகிற புது மிஷினே வாங்கியிருக்கலாமே?

செல்வி பெரியம்மா: இருபது தையலில் நீ எத்தனையைப் போடுகிறாய் தீபா? உன் மிஷினில் ஃபால்ஸ் அடிப்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

தீபா: பெரியம்மா 🙏

முத்து மாமா: கவிதா, வோல்டேஜ் என்ன போட்டிருக்கிறது? மோட்டார் மேல் தகட்டில் பார்.

கவிதா: 110 மாமா. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரலாம் என்று இருக்கிறேன், பெரியம்மா ஒரு முறை தைத்துப் பார்க்கட்டும்.

முத்து மாமா: கொண்டுவா, ஆனால் நம் பிளக்கில் நேராகச் செருகிவிடாதே, 230-இல் மோட்டாரும் போய்விடும், பக்கத்தில் இருக்கிற லைட்டும் போய்விடும். வெறும் பின் மாற்றும் அடாப்டர் வோல்டேஜைக் குறைக்காது, நிறையப் பேர் அதில்தான் ஏமாறுகிறார்கள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அங்கே கரண்ட் விநாடிக்கு 60 சைக்கிள், இங்கே 50, அதைப் பற்றிக் கவலையில்லை, இது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், எதிலும் ஓடும். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஃபேக்டரியிலும் இதே மாடல் செய்தார்கள், அதில் 220 வோல்ட் மோட்டார் வைத்தது உண்டு. உன்னுடையது எங்கே செய்தது?

கவிதா: இங்கேயேதான் மாமா! நியூ ஜெர்சியில் எலிசபெத் என்று ஒரு ஊர், நான் இருக்கிற எடிசன் ஊரிலிருந்து காரில் அரைமணி நேரம்தான். 1873-இல் தொடங்கிய ஃபேக்டரி, 1982-இல் மூடிவிட்டார்கள். ஃபெதர்வெயிட்டை 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்துத்தான் முதலில் காட்டினார்களாம். இதை நம் ஊருக்கும் கொண்டுவந்தால் அப்புறம் நிறைய ஊர் பார்த்த மிஷின் ஆகிவிடும்.

செல்வி பெரியம்மா: ஓட்டி ஒரு ஆடியோ அனுப்பு.

கவிதா: அனுப்பிவிட்டேன்.

செல்வி பெரியம்மா: அட, சத்தமே இல்லையே! என் கால் மிஷின் சடக் சடக் என்று தெருக்கோடி வரை கேட்கும்.

கவிதா: உங்கள் மிஷினில் அடியில் இருக்கும் கொக்கி பாதி சுற்றிவிட்டு மறுபடி திரும்பி வரும், அந்த இடிதான் சத்தம். இதில் கொக்கி ஒரே திசையில் முழுதாகச் சுற்றுகிறது, ஒரு தையலுக்கு இரண்டு சுற்று. ஆனால் அதற்கு ஒரு வம்பும் இருக்கிறது, ஆரம்பிக்கும்போது மேல் நூல் அடி நூல் இரண்டையும் பின்பக்கம் பிடித்துக்கொள்ளாவிட்டால் உள்ளே இழுத்துச் சுருட்டிக்கொண்டு பூட்டியதுபோல் நின்றுவிடும்.

செல்வி பெரியம்மா: அது எந்த மிஷினுக்கும் செய்ய வேண்டியதுதான். எண்ணெய் விட்டாயா? மிஷின் எண்ணெய்தானே, சமையலறை எண்ணெய் எதையாவது விட்டுவிடாதே, பிசினாகிவிடும்.

கவிதா: மிஷின் எண்ணெய்தான், ஓட்டை ஓட்டையாக ஒவ்வொரு சொட்டு. ஆனால் மோட்டாரில் இரண்டு குழாய் இருக்கிறது, பார்த்தால் எண்ணெய் விடச் சொல்வதுபோலவே இருக்கும், அதில் கிரீஸ்தான். அடியில் பல்சக்கரத்துக்கும் கிரீஸ்தான்.

முத்து மாமா: சரியாகச் சொன்னாய். மோட்டாருக்குள் எண்ணெய் போனால் பிரஷ்ஷில் இறங்கிப் புகை வரும்.

தீபா: அக்கா, இதற்கு பிங்க் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள், நெட்டில் பார்த்தேன், சூப்பராக இருக்கிறது. நீயும் அடிக்கலாமே?

செல்வி பெரியம்மா: பெயிண்ட் கிட்டே போகாதே. அந்தத் தங்கப் பூவைத் திரும்ப எவன் வரைவான்?

கவிதா: இல்லை இல்லை, அடிக்க மாட்டேன். ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. பெட்டி மட்டும் ஒரு பழைய வாடை அடிக்கிறது, திறந்து வெயிலில் வைத்திருக்கிறேன். அப்புறம் அந்த லைட், பத்து நிமிடத்தில் தகரம் கொதிக்கிறது, தைக்கும் மும்முரத்தில் கை பட்டால் அவ்வளவுதான்.

செல்வி பெரியம்மா: ஊசி?

கவிதா: சாதாரண வீட்டு மிஷின் ஊசியே சேரும். தட்டையான பக்கம் இடது பார்த்து இருக்க வேண்டும், நூலை வலது பக்கமிருந்து இடது பக்கம் கோக்க வேண்டும். தீபா மிஷினில் தட்டைப் பக்கம் பின்னால் போகும், அந்தப் பழக்கத்தில் மாட்டினால் ஒரு தையல்கூட விழாது. அடி நூல் சுற்றும் பாபின்தான் தனி அளவு, உங்கள் மிஷின் பாபின் இதில் சேராது.

செல்வி பெரியம்மா: அப்படியென்றால் பாபின் கூடுதலாக ஒரு டஜன் கொண்டுவா. ஜாக்கெட் துணி நாலு வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

தீபா: பார்த்துக்கொண்டே இரு அக்கா, மிஷின் திரும்ப அமெரிக்கா போகாது.

முத்து மாமா: டிரான்ஸ்ஃபார்மர் நான் வாங்கி வைக்கிறேன். தகட்டில் ஆம்ப் எவ்வளவு என்று மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பு.