லினக்ஸில் டயல்-அப் மோடம்: அந்த நாள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

கோவையிலிருந்து:

2000களின் தொடக்கத்தில் "லினக்ஸ் போட்டால் இணையம் வராது" என்று சொல்லாதவர்களே இல்லை. குற்றவாளி பெரும்பாலும் வின்மோடம், அதாவது தொலைபேசி லைன் வழியாக இணையத்தில் இணைக்கும் மோடத்தில் விண்டோஸை நம்பி ஓடும் வகை. பழி மட்டும் லினக்ஸின் தலையில் விழுந்தது. கணினியோடு சேர்த்துக் கடைக்காரர் மாட்டிக் கொடுத்த அந்தப் பிசிஐ அட்டையில் தொலைபேசி லைனோடு பேசும் மின்சுற்று இருக்கும். ஒலியைத் தரவாகவும் தரவை ஒலியாகவும் மாற்றுகிற கடினமான கணக்கையெல்லாம் விண்டோஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) வழியாகக் கணினியின் செயலிதான் செய்துகொண்டிருந்தது. அட்டை மலிவாகக் கிடைத்ததன் ரகசியமே அதுதான். அந்த டிரைவர் இல்லாத லினக்ஸில் அது வெறும் தகடு.

நான் சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடத்துக்கு மாறினேன். அதற்கு டிரைவரே வேண்டாம். அந்தப் போர்ட்டின் பெயர் விண்டோஸில் காம்1 என்றால் லினக்ஸில் டிடிஒய்எஸ்0, காம்2 என்றால் டிடிஒய்எஸ்1. தெரிய வேண்டியது அவ்வளவுதான். மோடத்தோடு நேரடியாகப் பேசும் மினிகாம் நிரலைத் திறந்து ஏடி என்ற கட்டளையை அடித்து, ஓகே என்று பதில் வந்தால் மோடம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். முகப்பில் மினுக்கும் விளக்குகளைப் பார்த்தே எங்கே தடங்கல் என்று சொல்லிவிடலாம். உள் அட்டையில் அந்த வசதி கிடையாது.

பிறகும் ஒரு வில்லங்கம் இருந்தது. ரிசீவரை எடுத்தால் என் காதுக்கு டயல் டோன் கேட்கும். மோடமோ "நோ டயல்டோன்" என்று சொல்லி லைனைத் துண்டித்துவிடும். வேறு நாட்டுத் தொனிக்குப் பழக்கப்பட்ட மோடம் நம் எக்ஸ்சேஞ்சின் தொனியை அடையாளம் காணாததுதான் காரணம். மோடத்துக்கு அனுப்பும் தொடக்கக் கட்டளையில் எக்ஸ்3 சேர்த்ததும் தொனிக்காகக் காத்திராமல் டயல் செய்யத் தொடங்கியது. பழைய எக்ஸ்சேஞ்ச் உள்ள ஊர்க்காரர்கள் டோன் முறையில் டயல் செய்யும் ஏடிடிடி கட்டளைக்குப் பதில் ஏடிடிபி போட்டு, பல்ஸ் முறையில் டயல் செய்ய வேண்டியிருந்தது.

டயல் செய்து இணைப்பை ஏற்படுத்தும் டபிள்யூவிடயல் என்ற நிரல் மட்டும் இல்லாவிட்டால் பாதிப் பேர் கைவிட்டிருப்போம். போர்ட்டுகளைத் தானே துழாவி மோடத்தைக் கண்டுபிடித்து அமைப்புக் கோப்பையும் எழுதித் தந்துவிடும். அந்தக் கோப்பில் "ஸ்டுபிட் மோட்" என்று ஒரு வரி உண்டு. அதை இயக்கினால், மறுமுனை பயனர் பெயர் கேட்கும் என்று காத்திராமல் தொலைபேசி லைனில் இணையத் தரவைக் கொண்டுசெல்லும் பிபிபி நெறிமுறையை நேராகத் தொடங்கும். அந்தப் பெயரை வைத்தவர் எவ்வளவு வெறுத்துப்போய் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

நெல்லையிலிருந்து:

வெளி மோடம் வாங்கியவர்களுக்கு எல்லாம் எளிதுதான், அண்ணா. கையில் காசில்லாத எங்களைப் போன்றவர்கள் அந்தத் தகட்டோடுதான் குடித்தனம் நடத்தினோம்.

முதலில் அதில் என்ன சிப் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அட்டைப்பெட்டியில் அதைத் தவிர மற்றதெல்லாம் அச்சடித்திருப்பார்கள். கணினியில் உள்ள அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு, பிரவுசிங் சென்டருக்குப் போய் வின்மோடங்களை லினக்ஸில் ஓட்ட உதவும் லின்மோடம்ஸ் தளத்தில் தேடினேன். என்னுடையது லூசென்ட் சிப் என்று தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது, ஏனென்றால் அதற்கு எல்டிமோடம் என்ற டிரைவர் இருந்தது. இணையத்தில் இணைய டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க இணையம் வேண்டும்! 1.44 எம்பி ஃபிளாப்பியில்தான் வீட்டுக்கு வந்தது. அதில் பழுதான செக்டர் இருந்தால் மறுபடியும் சென்டருக்கு நடை.

டிரைவரைக் கம்பைல் செய்ய (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்ற), ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, சரியாகப் பொருந்தும் மூலநிரலும் வேண்டும். பிசிக்வெஸ்ட் கணினி இதழோடு வந்த லினக்ஸ் சிடியில் அது இருந்ததால் பிழைத்தேன். கெர்னலை மாற்றினால் டிரைவரையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்பதால், ஓடுகிற கெர்னலை நான் தொடவே இல்லை. கோனெக்ஸன்ட் சிப் வைத்திருந்த நண்பருக்கு வேறு கதை. அதன் டிரைவரின் இலவசப் பதிப்பு 14.4 கேபிபிஎஸ் (நொடிக்கு 14.4 கிலோபிட்) வேகத்தோடு நின்றுவிடும். முழு வேகத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு "கனெக்ட்" என்ற சொல் திரையில் வந்தபோது தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். 56கே என்பது பெட்டியில் மட்டும்தான். எங்கள் தெரு லைனில் 40ஐத் தாண்டினாலே பெரிய விஷயம்.

தஞ்சாவூரிலிருந்து:

எனக்கு மோடம் முதல் நாளே பேசிவிட்டது. கனெக்ட் வந்தது, ஐபி முகவரியும் கிடைத்தது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. தொலைபேசி மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

லாக் கோப்பில் விடை கிடைத்தது. நெட்வொர்க் கார்டுக்கு ஏற்கெனவே ஒரு இயல்புநிலை வழி இருப்பதால் அதை மாற்றப்போவதில்லை என்று பிபிபி நிரல் நேர்மையாக எழுதி வைத்திருந்தது. அதாவது, போகும் தரவெல்லாம் எதனோடும் இணைக்கப்படாத கார்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ரூட் (route) கட்டளையால் அந்த வழியை நீக்கிவிட்டு மறுபடி டயல் செய்ததும் சரியாகிவிட்டது. எண் முகவரிக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகிறது, தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் கோளாறு, பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில். அதற்கு பிபிபி அமைப்பில் யூஸ்பியர்டிஎன்எஸ் என்ற ஒரு வரி போதும்.

மடிக்கணினியின் உள் மோடத்தை யாராவது ஓட வைத்தீர்களா?

நெல்லையிலிருந்து:

ஓட வைத்தேன், ஆனால் பின்னாளில். ஒலி அட்டையோடு ஒட்டிப் பிறந்த ஏசி97 வகை அது. லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் மோடம் மாட்யூலை ஏற்றி, அதன்மேல் எஸ்எல்மோடம்டி என்ற நிரலை நாட்டின் பெயரையும் கொடுத்து ஓட விட வேண்டியிருந்தது. அதன் உள்கரு மூலநிரல் இல்லாத 32 பிட் கோப்பு. அதனால் 64 பிட் லினக்ஸுக்கு மாறுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டியிருந்தது.