நன்றி டைரியில் ஒரே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வருகிறது, என்ன செய்யலாம்?

ஓரிதழ் (கேள்வி)

வணக்கம். தூங்கப் போகும் முன் அன்றைக்கு நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்களை எழுதி வைக்கச் சொல்கிறார்களே, அந்தப் பழக்கம் பற்றித்தான் கேள்வி. தொடக்கத்தில் ஆர்வமாகப் போகிறது. அப்புறம் "குடும்பம், ஆரோக்கியம், வேலை, நண்பர்கள், தலைக்கு மேல் கூரை" என்று வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிடுகிறது. எழுதும்போது மனசில் ஒன்றுமே அசைவதில்லை.

எத்தனை எழுத வேண்டும், தினமும் எழுதணுமா? வந்ததே திரும்ப வந்தால் என்ன செய்வது? மனசு கொதித்துக்கொண்டிருக்கிற நாளில் நன்றி எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகாதா? "பாசிட்டிவாக இருங்க" என்ற உபதேசம் நிறையக் கேட்டாயிற்று. எது வேலை செய்யும், எது செய்யாது, ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்மரம்

நீங்கள் எழுதுவதெல்லாம் தலைப்புகள். சம்பவங்கள் இல்லை. சிக்கலில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. "குடும்பம்" நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும். மாறாமல் இருப்பதை மனம் ஒரு கட்டத்துக்கு மேல் கவனிக்காது. எப்பேர்ப்பட்ட நல்லதும் பழகிப்போகும். அதனால் கடந்த 24 மணி நேரத்தில் நடந்த, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு காரியத்தை எடுங்கள்.

"சக ஊழியர் உதவினார்" என்பதை எடுத்துக்கொள்வோம். இது தலைப்பு. விரித்தால் இப்படி வரும்: "அறிக்கையில் மூன்றாம் பக்கத்துக் கூட்டுத்தொகை தப்பாக இருந்ததை, அது மேலே போகும் முன் அவர் பார்த்துவிட்டார். தன் வேலையைப் போட்டுவிட்டுக் கால்மணி நேரம் உட்கார்ந்து சரிபார்த்தார். எல்லார் முன்னாலும் சொல்லாமல் என் மேசைக்கே வந்து தணிந்த குரலில் சொன்னார்." என்ன நடந்தது, அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார், அவர் வேறு எப்படியும் நடந்திருக்கலாம் என்பது, இந்த மூன்றும் இருக்கட்டும். மனசு அசைவது பெரும்பாலும் அந்த மூன்றாவது வரியில்தான். ஒருவர் வேண்டுமென்றே செய்தார், அவருக்கு அதில் சிரமம் இருந்தது, நமக்கு அது உண்மையில் பயன்பட்டது என்று படும்போதுதான் நன்றி சுரக்கிறது. வெறும் பட்டியலில் இவை எதுவும் தெரிவதில்லை.

அடுத்தது எண்ணிக்கை. நன்றியுணர்ச்சி பற்றிய ஆராய்ச்சியில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும், உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா ஆய்வு 2003இல் வந்தது. அதன் முதல் பகுதியில் பங்கேற்றவர்கள் எழுதியது வாரம் ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து விஷயம், 10 வாரம். தினம் இரவில் எழுதுவதை 2005இல் மார்ட்டின் செலிக்மன் குழு சோதித்தது. அதிலும் ஒரு வாரம் மட்டும், மூன்று நல்ல விஷயம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இது ஏன் நடந்தது" என்ற காரணம். அந்தக் காரணத்தைத்தான் எல்லோரும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். சோன்யா லூபோமிர்ஸ்கி குழுவின் ஆறு வாரச் சோதனையில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே முதல் வாரம் கை பழகுவதற்காகத் தினமும் மூன்று எழுதுங்கள். பிறகு வாரம் ஒன்று அல்லது இரண்டு நாள் போதும். விட்டுப்போகாமல் நூறு நாள் எழுதச் சொல்லி ஆப்கள் விரட்டுவது அவர்களுடைய வசதிக்கு.

பத்து, இருபது என்று எழுதினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். தலைகீழாகப் போகவும் வாய்ப்புண்டு. நோர்பர்ட் ஷ்வார்ஸ் குழு 1991இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் உறுதியாக நடந்துகொண்ட 12 தருணங்களை யோசித்து எழுதியவர்கள், 6 மட்டும் எழுதியவர்களைவிடத் தங்களை உறுதி குறைந்தவர்களாக மதிப்பிட்டார்கள். கடைசி நாலைந்தைத் தேடித் திணறும்போது "நம்மிடம் இவ்வளவுதானா" என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. நன்றிப் பட்டியலிலும் அதே ஆபத்து இருக்கிறது. ஒன்றுதான் வந்தால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

வந்ததே வருவதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: ஒரே ஆள் வரலாம், ஒரே சம்பவம் வரக்கூடாது. வாழ்க்கைத்துணை, வேலை, உடல்நலம் மாதிரி நிலையாக இருப்பவற்றுக்குக் கழித்துப் பார்க்கும் முறை பொருந்தும். அது எப்படி வந்தது என்று எழுதாமல், எப்படி வராமலே போயிருக்கும் என்று கால்மணி நேரம் எழுதுவது. அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால், அந்த விண்ணப்பம் ஒரு நாள் தாமதமாகியிருந்தால் என்று கண்ணி கண்ணியாக. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய விதத்தை எழுதியவர்கள்தான் உறவில் கூடுதல் நிறைவு இருப்பதாகச் சொன்னார்கள். இதை அடிக்கடி செய்யாதீர்கள். பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கு இது கவலையாகத் திரும்பிவிடக்கூடும். மாதம் ஒருமுறை போதும்.

தூரத்துமேகம்

கல்மரம் சொன்னதோடு ஒன்று: டைரியிலேயே நின்றுவிட வேண்டாம், உரியவரிடம் சொல்லிவிடுங்கள். அதே 2005 ஆய்வில் சோதித்த பயிற்சிகளில் மகிழ்ச்சியில் உடனடி ஏற்றம் அதிகம் தந்தது, சரியாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்ததுதான். ஆனால் ஒரு மாதம் வரைதான் அந்த ஏற்றம் நின்றது, மூன்றாவது மாதம் பார்க்கும்போது இல்லை. மூன்று நல்ல விஷயம் எழுதியவர்களுக்கு ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது. ரெண்டும் வேண்டும் என்கிறேன்.

கடிதம் ஒரு பக்கம் போதும். அவர் என்ன செய்தார், எப்போது, அதற்கு என்ன பாடுபட்டார், அதன் பிறகு என்ன மாறியது, அவ்வளவுதான். "நீங்கள் தந்த பணத்தால் நான் படிப்பை முடித்தேன்" என்பது நம்மைப் பற்றிய வாக்கியம். "நான் கேட்கக் கூச்சப்படுவேன் என்று தெரிந்து, கேட்கும் முன்பே கொண்டுவந்து கையில் வைத்தீர்கள்" என்பது அவரைப் பற்றியது. சாரா அல்கோ குழு தம்பதியரிடையே கவனித்தது இதைத்தான்: நமக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்வதைவிட, அவர் செய்த விதத்தைப் பாராட்டும்போதுதான் நன்றி அவருக்குப் போய்ச் சேருகிறது.

சரியான வார்த்தை கிடைக்கவில்லை, சங்கடமாக இருக்குமே என்று தள்ளிப்போடாதீர்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி 2018இல் வெளியிட்ட ஆய்வு சரியாக இந்தக் கூச்சத்தைப் பற்றியது. எழுதுகிறவர்கள் பெறுபவருக்கு ஏற்படும் சங்கடத்தைக் கூட்டியும், வரப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்தும் கணக்குப் போட்டிருந்தார்கள். நாம் நடையைப் பார்க்கிறோம், அவர்கள் பரிவைப் பார்க்கிறார்கள்.

கெடுப்பவை எவை என்றால், கடைசி வரியில் ஓர் உதவி கேட்பது முதலாவது. அதற்கு மேலே எழுதிய அத்தனையும் முகஸ்துதி ஆகிவிடும். அப்புறம் "இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன்" வகை வசனம். நன்றி வேறு, கடன்பட்ட உணர்ச்சி வேறு. கடன்பட்டதாக நினைப்பவர் அந்த ஆளைப் பார்த்தால் ஒதுங்கத்தான் பார்ப்பார். பழைய மன்னிப்பையும் இதே கடிதத்தில் நுழைக்காதீர்கள், அதற்குத் தனிக் கடிதம். செய்ததைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருப்பவர், உதவியை வைத்து ஆட்டிவைப்பவர் என்றால் கடிதமே வேண்டாம், டைரியோடு இருக்கட்டும்.

ஓரிதழ்

இருவருக்கும் மிக்க நன்றி. "வேறு எப்படியும் நடந்திருக்கலாம்" என்ற வரி இதுவரை நான் யோசிக்காதது. கொதிக்கிற நாள் பற்றி மட்டும் பதில் வரவில்லையே? "எல்லாம் நல்லதுக்கே", "என்னால் முடியும்" என்று தினமும் சொல்லிக்கொள்வதால் பயன் உண்டா?

குறுக்குக்கேள்வி

கொதிக்கிற நாளில் நன்றி எழுதாதீர்கள். அன்றைக்கு எழுத வேண்டியது கொதிப்பைத்தான். 15 நிமிடம், யாருக்கும் காட்டப்போவதில்லை என்ற தைரியத்தோடு, நடந்ததையும் அதனால் மனசில் ஓடுவதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், கிழித்துப்போட்டாலும் சரி. பெரிய காயங்களுக்கு இதையே தொடர்ந்து நான்கு நாள் எழுதவைத்துச் சோதித்தவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், 1986இல். எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனமாக இருக்கும், அது எதிர்பார்க்க வேண்டியதே. அதனால் தூங்குவதற்கு நேர்முன்பு இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இங்கே யாரும் தொடவில்லை. நன்றியுணர்ச்சியை வாயடைக்கும் துணியாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் இரண்டு மாதம் வரவில்லை என்றால் "வேலையாவது இருக்கிறதே" என்று எழுதுவது தீர்வு ஆகாது, கேட்டு வாங்குவதுதான் தீர்வு. நல்லதை ஒரு பக்கத்திலும் சரிசெய்ய வேண்டியதை இன்னொரு பக்கத்திலும் எழுதுங்கள். இதை வைத்து அதை அடிக்காதீர்கள். "நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்" என்ற அறிவுரையும் நன்றியில் சேராது. அதில் கொடுத்தவர் என்று யாரும் இல்லை. கொஞ்சம் ஆறுதலும் நிறையக் குற்ற உணர்ச்சியும்தான் மிச்சம்.

தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வாசகங்கள்: ஜோன் வுட் குழு 2009இல் வெளியிட்டதைப் பார்த்தால் யோசித்துத்தான் சொல்லத் தோன்றும். "நான் அன்புக்குரியவன்" என்ற வகை வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களின் மனநிலை மேலும் இறங்கியது. உள்ளே ஒரு குரல் "பொய்" என்கிறது, அவ்வளவுதான். யாருக்கு இது தேவையோ அவர்களுக்குத்தான் இது உதவவில்லை.

நல்லபடி முடிந்துவிட்டதாகக் கனவு காண்பதிலும் இதே கோளாறு. கிடைத்த மாதிரி நினைத்துப் பார்த்ததிலேயே மனம் பாதி திருப்தியடைந்து முயற்சி தளர்கிறது. காப்ரியேல் ஓட்டிங்கன் பல ஆண்டுகள் ஆராய்ந்து வந்த முடிவு: ஆசை, அது நிறைவேறினால் கிடைக்கும் நல்லது, குறுக்கே நிற்கும் தடை, அதற்கான திட்டம், இந்த நாலையும் இதே வரிசையில் யோசிக்க வேண்டும். தடையை யோசிக்கும்போதுதான் பெரும்பாலோர் சறுக்குவார்கள். காலையில் அரைமணி நடக்க ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். தடை என்ன என்று கேட்டால் மழை, நேரமின்மை என்பார்கள். கொஞ்சம் தோண்டினால், அலாரத்தை நிறுத்தப் போனை எடுத்த கை அதைக் கீழே வைப்பதில்லை என்பது தெரியும். திட்டம் அந்த நொடிக்குத்தான் வேண்டும்: "அலாரத்தை நிறுத்தியதும் போனைப் பார்க்கத் தோன்றினால், உடனே எழுந்து செருப்பை மாட்டுவேன்." இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன் என்ற வடிவத்திலேயே எழுதுங்கள். "இனிமேல் ஒழுங்காக இருப்பேன்" என்பது திட்டமே இல்லை.

கடைசியாக, இதெல்லாம் மருந்துக்கு மாற்று இல்லை. நன்றிப் பயிற்சி மனச்சோர்வையும் பதற்றத்தையும் எந்த அளவு குறைக்கிறது என்று பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது சிறிய அளவு மாற்றம்தான். நாளின் பெரும்பகுதி சோர்வு அல்லது எதிலும் நாட்டமின்மை, கூடவே தூக்கமோ பசியோ மாறிப்போவது, இது இரண்டு வாரம் நீடித்தால் டைரியை விடுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

கல்மரம்

குறுக்குக்கேள்வி சொன்னதோடு உடன்படுகிறேன். கொதிக்கிற நாளை விட்டுவிட்டால் பழக்கமே போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். பிலிப்பா லாலி குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பழக்கம் தானாக வரும் நிலைக்கு எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை 66 நாள், அதாவது பாதிப்பேருக்கு அதற்குள், மீதிப்பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, கட்டிலில் சாய்ந்த பிறகு எழுதினால் தூக்கக் கலக்கத்தில் மறுபடி தலைப்புகள்தான் வரும். இரவு உணவு முடிந்ததும் அல்லது வேலை முடிந்து கணினியை அணைத்ததும் என்று, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு சேர்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை பழைய பக்கங்களைப் புரட்டி, வந்திருக்கும் பெயர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒரே பெயர் ஏழெட்டு முறை வந்திருந்தால், தூரத்துமேகம் சொன்ன கடிதம் யாருக்கு என்று யோசிக்க வேண்டியதில்லை.

நோட்டா போனா என்று அடுத்துக் கேட்பீர்கள். எதுவானாலும் சரிதான். போன் என்றால் இணையத்தை அணைத்துவிட்டு எழுதுங்கள். இரண்டாவது வரி முடிவதற்குள் ஏதாவது ஒரு செய்தி வந்து விழும்.