மஸ்கிட்டோ புரோக்கர்: ராத்திரிக் கணக்கு பாதியோட நிக்குது, கரண்ட் வந்தா தானா ஏற மாட்டேங்குது

உப்பங்காத்து (கேள்வி)

இடம் திருப்பாலைக்குடி பக்கம், வனாமி இறால் பண்ணை. 6 குளம். குளத்துக்கு ஒரு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கண்ட்ரோலர் போர்டு), அதுல டிஓ (தண்ணியில கரைஞ்ச ஆக்ஸிஜன்) சென்சார். நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ், க்யூஓஎஸ் 1 (போய்ச் சேர்ந்ததுன்னு பதில் வாங்குற முறை). மோட்டார் ஷெட்டுல ராஸ்பெர்ரி பை 4 (சின்ன கம்ப்யூட்டர்), அதுல மஸ்கிட்டோ 2.0 (சென்சார் மெசேஜை வாங்கி, கேட்கிறவங்களுக்குக் கொடுக்கிற எம்க்யூடிடி புரோக்கர்). பண்ணை ஆபீஸ்ல இருக்கிற பிசிதான் சப்ஸ்கிரைபர் (மெசேஜை வாங்குறது), அதுவும் க்யூஓஎஸ் 1, கிளீன் செஷன் ஃபால்ஸ் (ஆப்லைன்ல இருந்தாலும் மெசேஜைச் சேர்த்து வைக்கச் சொல்ற அமைப்பு). அந்தப் பிசியைச் சாயந்திரம் 6 மணிக்கு அணைச்சுட்டு காலையில 9 மணிக்குப் போடுவாங்க.

காலையில பிசி ஏறினதும் முந்தின ராத்திரிக் கணக்கு வந்து விழுது. ஆனா 8.45 வரைக்கும்தான். அதுக்கப்புறம் விடியிற வரை வெறும் கோடு. இடையில கரண்ட் போய் வந்த நாள்ல நடுவுலயும் 20, 25 நிமிஷம் ஓட்டை விழுது.

இன்னொண்ணு, கரண்ட் வந்து பை ஏறினாலும் மஸ்கிட்டோ ஏறுறதில்லை. ஸ்டேட்டஸ் பார்த்தா ஃபெயில்டு. கையால ஸ்டார்ட் கொடுத்தா உடனே ஓடுது. கான்ஃபிக்ல லிஸனர் வரி இது: லிஸனர் 1883 192.168.1.50

முறையா நிறுத்துறது, ஏத்துறது எப்படின்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாம்பன்_தூக்குப்பாலம்

முதல்ல 8.45 விஷயம். 6 குளம், நிமிஷத்துக்கு ஒண்ணு. ஆக நிமிஷத்துக்கு 6 மெசேஜ். ஆப்லைன்ல இருக்கிற ஒரு கிளையண்டுக்காக மஸ்கிட்டோ 2.0 சேர்த்து வைக்கிற உச்சவரம்பு 1000. மேக்ஸ்_க்யூடு_மெசேஜஸ்ங்கிற அமைப்பு அது. 1000ஐ 6ஆல வகுத்தா 166 நிமிஷம், அதாவது 2 மணி 46 நிமிஷம். ஆறு மணியில இருந்து எண்ணிப் பாருங்க, 8.46 வருதா? வரிசை நிரம்பினா மஸ்கிட்டோ பழசைத் தள்ளிட்டுப் புதுசை வைக்காது, புதுசா வர்றதைத்தான் கீழே போடும். லாக்ல "அவுட்கோயிங் மெசேஜஸ் ஆர் பீயிங் டிராப்டு" வரி கிடக்கும், தேடிப் பாருங்க.

15 மணி நேரத்துக்கு 5400 மெசேஜ் வேணும். மேக்ஸ்_க்யூடு_மெசேஜஸ் 10000 வச்சுடுங்க. 0 போட்டா வரம்பே இல்லைன்னு அர்த்தம், ஆனா ஒரு பழைய கிளையண்ட் ஐடி திரும்பி வராமலே கிடந்தா அதுக்கும் சேர்த்துக்கிட்டே போய் பையோட ரேம் தீரும். அதுக்குப் பெர்சிஸ்டண்ட்_கிளையண்ட்_எக்ஸ்பிரேஷன் 7டி போட்டு வச்சா ஒரு வாரம் வராத கிளையண்டோட செஷன் தானா கழியும்.

அடுத்து நடுவுல விழுற ஓட்டை. மஸ்கிட்டோ எல்லாத்தையும் ரேம்லதான் வச்சிருக்கும். மஸ்கிட்டோ.டிபி கோப்புல தானா எழுதுறது இரண்டு நேரம்தான்: முறையா நிறுத்தும்போதும், ஆட்டோசேவ்_இன்டர்வல் முடியும்போதும். அந்த இன்டர்வல் சொல்லாம விட்டா 1800 விநாடி, அரை மணி நேரம். ராத்திரி 7.35க்கு ஒரு தடவை எழுதி, 8 மணிக்குக் கரண்ட் போனா, அந்த 25 நிமிஷத்துல சேர்ந்தது ரேமோட போச்சு. இன்டர்வலை 60 ஆக்குங்க. ஒவ்வொரு தடவையும் முழுக் கோப்பையும் திரும்ப எழுதும், எஸ்டி கார்டு அதைத் தாங்காது. ஒரு சின்ன யுஎஸ்பி எஸ்எஸ்டி வச்சு, பெர்சிஸ்டன்ஸ்_லொகேஷனை அதுல காட்டுங்க. போல்டரோட ஓனர் மஸ்கிட்டோ யூசரா இருக்கணும், இல்லைன்னா எழுத முடியாம லாக்ல முனகிட்டே ஓடும்.

நிறுத்துறது: சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் மஸ்கிட்டோ. (கட்டளையெல்லாம் வாயால சொல்ற மாதிரி எழுதுறேன், டெர்மினல்ல ஆங்கிலத்துல அடிச்சுக்குங்க.) இது சிக்டெர்ம் அனுப்பும், மஸ்கிட்டோ டிபியை எழுதிட்டு இறங்கும். கில் மைனஸ் 9 போட்டீங்கன்னா பிளக்கைப் பிடுங்கினதும் அதுவும் ஒண்ணுதான், எதையும் எழுதாது. பையை அணைக்கிறதுன்னாலும் ஷட்டவுன் கொடுத்து, பச்சை விளக்கு மினுக்கறது நின்னப்புறம் சுவிட்சைத் தொடுங்க. நிறுத்தாமலே இப்பவே டிபியை எழுத வைக்கணும்னா சிக்யூஎஸ்ஆர்1 சிக்னல் இருக்கு: பிகில் மைனஸ் யூஎஸ்ஆர்1 மஸ்கிட்டோ. பேக்கப் எடுக்கிறதுக்கு முன்னாடி இது கைகொடுக்கும்.

பாஸ்வேர்டு, ஏசிஎல் (யாருக்கு எந்த டாபிக்னு சொல்ற பட்டியல்) மாத்தினதுக்கெல்லாம் ரீஸ்டார்ட் வேண்டாம். சிஸ்டம்சிடிஎல் ரீலோட் போதும், பாஸ்வேர்டு மாறின ஆளைத் தவிர மத்தவங்க கனெக்ஷன் அறாது. லிஸனர், போர்ட் மாத்தினா மட்டும் ரீஸ்டார்ட்தான், ரீலோட் அதைக் கண்டுக்காது.

கீழக்கரை_நெட்வொர்க்

தானா ஏறாததுக்குக் காரணம் உங்க லிஸனர் வரியில இருக்கு. 192.168.1.50ன்னு முகவரியைக் கட்டிப் போட்டிருக்கீங்க. கரண்ட் வரும்போது பையும் ரவுட்டரும் ஒரே நேரத்துல ஏறுது. ரவுட்டர் நிதானத்துக்கு வர்றதுக்குள்ள மஸ்கிட்டோ எந்திரிச்சு அந்த முகவரியைத் தேடுது, அது இன்னும் பைக்கு வந்திருக்காது. ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ மஸ்கிட்டோ மைனஸ் பி அடிச்சா "கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்" வரி தெரியும். சிஸ்டம்டி (சர்வீஸ்களை ஏத்தி இறக்குற லினக்ஸ் புரோகிராம்) திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், ஆனா இடைவெளி 100 மில்லி விநாடி, 10 விநாடிக்குள்ள 5 தடவைன்னு கணக்கு. ஒரு மூச்சுல அஞ்சும் தீர்ந்து ஃபெயில்டுல உட்கார்ந்துடும். நீங்க கையால போடும்போது நெட்வொர்க் வந்துடுது, ஓடுது. அவ்வளவுதான்.

சுலபமான வழி, முகவரியை எடுத்துட்டு வெறும் லிஸனர் 1883ன்னு விடுங்க. முகவரி கட்டாயம் வேணும்னா சிஸ்டம்சிடிஎல் எடிட் மஸ்கிட்டோ போட்டு, யூனிட் பகுதியில வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டுலயும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட், சர்வீஸ் பகுதியில ரீஸ்டார்ட்செக்=5. அஞ்சு விநாடி இடைவெளின்னா 10 விநாடிக்கு 5 தடவைங்கிற வரம்பை எட்டவே எட்டாது, எத்தனை நேரமானாலும் விடாம முயற்சி பண்ணும். நான் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்வேன்.

லிஸனர் வரியையே மொத்தமா எடுத்துடாதீங்க. 2.0ல இருந்து லிஸனர் இல்லைன்னா லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும்தான் காது கொடுக்கும், குளத்துல இருக்கிற ஒரு ஈஎஸ்பியும் சேராது. லிஸனர் போட்டா அலவ்_அனானிமஸ் ஃபால்ஸ்தான் இயல்பு, பாஸ்வேர்டு கோப்பு வேணும். மஸ்கிட்டோ_பாஸ்டபிள்யூடி கட்டளையில மைனஸ் சி முதல் ஆளுக்கு மட்டும். இரண்டாவது ஆளைச் சேர்க்கும்போதும் மைனஸ் சி போட்டா கோப்பு புதுசாகி முதல் ஆள் காணாமப் போயிடுவான். பாதிப் பேர் மாட்டுறது இங்கதான்.

டிஎல்எஸ் (சர்டிஃபிகேட் வச்ச பாதுகாப்பு) போட்டு வெளி சர்வருக்கு பிரிட்ஜ் (புரோக்கர்ல இருந்து புரோக்கருக்கு இணைப்பு) கட்டுறவங்க கவனிக்க: பை 4ல கரண்ட் போனாலும் ஓடுற கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் நெட்ல நேரம் வாங்குற வரை பழைய தேதியில நிக்கும். சர்டிஃபிகேட்டைப் புதுப்பிச்ச கையோட கரண்ட் போயிருந்தா "இன்னும் செல்லுபடி ஆகலை"ன்னு பிரிட்ஜ் அறுந்துடும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒண்ணு மாட்டினா முடிஞ்சது. இந்தக் கரையில ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல பின் எல்லாம் பச்சை பூக்கும், மாட்டினதோட மேல கன்ஃபார்மல் கோட்டிங் அடிச்சுடுங்க.

உப்பங்காத்து

ரெண்டு பேருக்கும் நன்றி. டிராப்டு வரி லாக்ல 20.46க்கு இருக்கு! மாத்திட்டேன். கான்ஃபிக் சரியான்னு பார்க்க மஸ்கிட்டோ மைனஸ் சி, மைனஸ் வி போட்டுக் கையால ஓட்டினேன், "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்"னு நிக்குது.

பாம்பன்_தூக்குப்பாலம்

சர்வீஸ் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கு, அதான். எஸ்எஸ் மைனஸ் எல்டிஎன்பி அடிச்சா 1883ஐ யார் பிடிச்சிருக்காங்கன்னு தெரியும். முதல்ல ஸ்டாப், அப்புறம் கையால ஓட்டு, கன்ட்ரோல் சி, கடைசியா ஸ்டார்ட். இந்த வரிசையை மாத்தாதீங்க. கையால ஓட்டும்போது மைனஸ் சியும் கோப்புப் பேரும் இல்லாம வெறும் மஸ்கிட்டோன்னு அடிச்சா உங்க கான்ஃபிக்கைப் படிக்காது, அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

நிறுத்துறதுக்கு முன்னாடி தேங்கிக் கிடக்கிறது வடிஞ்சுதான்னு பார்க்க: மஸ்கிட்டோ_சப் மைனஸ் வி மைனஸ் டி '$சிஸ்/புரோக்கர்/ஸ்டோர்/மெசேஜஸ்/கவுண்ட்'. ஒற்றை மேற்கோள் கட்டாயம், இல்லைன்னா டாலரை ஷெல் தின்னுடும். எண் மாறிக்கிட்டு இருந்தா 10 விநாடிக்கு ஒரு தடவை வரும். ரீட்டெயின்டு மெசேஜும் (டாபிக்கோட கடைசி மெசேஜ்னு புரோக்கர் பிடிச்சு வச்சிருக்கிறது) இதுல சேர்றதால பூஜ்யத்துக்கு வராது, குறைஞ்சு ஒரே எண்ல நின்னா போதும்.

தொண்டி_இறால்

கணக்கு தொலையறதை விடப் பெரிய ஆபத்து ஒண்ணு. ஏரேட்டர் ரிலேயையும் இதே புரோக்கர் வழியா ஓட்டுறீங்களா? ஓட்டினா "ஆஃப்" கட்டளையை ரீட்டெயின் போட்டு அனுப்பாதீங்க. பகல்ல யாரோ ஆஃப் பண்ணினது மஸ்கிட்டோ.டிபியில பத்திரமா இருக்கும். நடுச்சாமத்துல புரோக்கர் ரீஸ்டார்ட் ஆகி ஈஎஸ்பி திரும்பச் சேர்ந்ததும் அந்தப் பழைய ஆஃப் முதல் ஆளா வந்து நிக்கும். ரிலே இப்ப எந்த நிலையில இருக்குங்கிற செய்தியை ரீட்டெயின் வைக்கலாம், கட்டளையை வைக்கக் கூடாது. ஏற்கெனவே கிடக்கிற ரீட்டெயினைத் துடைக்க அதே டாபிக்குக்கு மைனஸ் ஆர் மைனஸ் என் போட்டு வெத்து மெசேஜ் ஒண்ணு பப்ளிஷ் பண்ணினா போயிடும்.

இன்னொண்ணு, ஆறு ஈஎஸ்பிக்கும் ஒரே புரோகிராமை ஏத்தும்போது கிளையண்ட் ஐடி தனித்தனியான்னு பாருங்க. இரண்டுக்கு ஒரே ஐடின்னா ஒண்ணை ஒண்ணு தள்ளிவிட்டுச் சேர்ந்துக்கிட்டே இருக்கும், லாக்ல "ஆல்ரெடி கனெக்டட், குளோசிங் ஓல்டு கனெக்ஷன்"னு ஓடும். பப்சப்கிளையண்ட் லைப்ரரி வச்சிருக்கிறவங்களுக்கு: அது பப்ளிஷ் பண்றது க்யூஓஎஸ் 0 மட்டும்தான், மேலே சொன்ன வரிசை எதுவும் அதுக்குச் சேராது.

டிஓ அடிமட்டத்துக்கு வர்றது விடியலுக்குக் கொஞ்சம் முன்னாடி. ராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சு வாங்குதே. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போச்சுன்னா இறால் திணற ஆரம்பிக்கும். அந்த நேரத்துல புரோக்கரை நம்பி நிக்கக் கூடாது. ஈஎஸ்பி புரோகிராம்லயே எழுதிடுங்க: 2 நிமிஷம் புரோக்கர் கிடைக்கலைன்னா, இல்லை சென்சார் படிக்க முடியலைன்னா, ஏரேட்டர் ஆன். ரிலேயோட என்சி முனையில (ரிலேக்குக் கரண்ட் இல்லாதப்போ சேர்ந்திருக்கிற முனை) கான்டாக்டரைக் கட்டினா ஈஎஸ்பியே செத்தாலும் ஏரேட்டர் சுத்தும்.