பாளையங்கோட்டையிலிருந்து அரை நாளில் போய் வர: பிள்ளைகளை மே மாதம் எங்கே கூட்டிப் போகலாம்?

பாளை ஸ்கூட்டி:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடம் மூடி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வீடு ரணகளமாகிவிட்டது. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. காலையில் எழுந்ததும் ஒன்று போனைத் தேடுகிறது, இன்னொன்று அதைப் பிடுங்குகிறது. அவருக்குத் தூத்துக்குடியில் வேலை, ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பார். வார நாளில் என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டி. ஞாயிறு என்றால் தம்பியின் காரைக் கேட்டு வாங்கலாம்.

போன வருஷம் ஒரு வாட்டர் தீம் பார்க்குக்குப் போனோம். நுழைவு, லாக்கர், சாப்பாடு என்று 4,000 ரூபாய்க்கு மேல் பழுத்தது. மகள் அந்தத் தண்ணீரில் கால் வைக்கவே மாட்டேன் என்று அழுதாள். மகனுக்கு இரண்டு நாள் கண் சிவப்பு. இந்த வருஷம் அது வேண்டாம்.

குற்றாலம் என்று சொல்லிவிடாதீர்கள், சாரல் விழ ஜூன் ஆகும். ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்து, அந்தக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துத் தேட எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்குப் பக்கத்தில், அரை நாளில் போய்த் திரும்புகிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். பிறந்து வளர்ந்தது இதே ஊர்தான். ஆனாலும் கேட்டால் நெல்லையப்பர் கோயிலும் அல்வாவும் தவிர ஒன்றும் வாயில் வரவில்லை, அதுதான் வெட்கம்.

வெயில் ஒவ்வாதவன்:

அக்கா, மே 4 தொடங்கினால் 28 வரை அக்னி நட்சத்திரம். வெளியே போவதே தப்பு என்பது என் கட்சி. கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, 1987-லிருந்து. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் வரிசையாகப் போய் வந்த இடம்தான். குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டுகிற கண்ணாடி முன்னால் என் மகன் அரை மணி நேரம் நின்றான். தோட்டத்தில் டைனோசர் பொம்மைகளும் உண்டு. ஸ்கூட்டியில் பத்து நிமிஷம்.

பாளையில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை. இரண்டு தடவை பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்.

தபால்காரர் தாத்தா:

தம்பி சொன்ன அறிவியல் மையம் நல்ல இடம்தான். ஆனால் அந்த அம்மா கேட்டது வெளியே போக. வெயில் என்று பயந்தால் நம்ம ஊரில் பத்து மாதம் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நான் தபால்துறையில் 34 வருஷம் சைக்கிளிலும், அப்புறம் டிவிஎஸ் 50-இலும் இந்தப் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றியவன். ஒவ்வொரு மே மாதமும் சென்னையிலிருந்து பேரனும் பேத்தியும் வந்து இறங்குவார்கள். முதல் வருஷம் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். தாத்தா ஊரைக் காட்டுகிறேன் பேர்வழி என்று பதினொரு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பி, கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், திருச்செந்தூர் மூன்றையும் ஒரே நாளில் போட்டேன். கிருஷ்ணாபுரத்து மண்டபத்தில் வீரபத்திரர் சிலையைக் காட்டி, "கையில் நரம்பு ஓடுவதைப் பாருலே, கல்லில் அடித்திருக்கிறான்" என்கிறேன். "தாத்தா, தலை சுத்துது" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, என் வேட்டியிலேயே வாந்தி. ஆதிச்சநல்லூரைக் காரிலிருந்தே பார்த்தோம். திருச்செந்தூரில் மணல் சுட்டு இரண்டு பேரும் என் தோளில்.

அதோடு புத்தி வந்தது. இப்போது எங்கள் வீட்டில் சட்டம் இதுதான்: காலை ஐந்துக்கு எழுப்பு, ஐந்தரைக்குப் புறப்பாடு, ஒரே ஒரு இடம், ஒன்பதரைக்கு வீட்டுத் திண்ணை. மே மாதம் ஆறு மணிக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடும். எட்டரை வரைக்கும் வெயில் நம்மை ஒன்றும் செய்யாது. இந்த மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பல்கூடப் போகிற இடத்தில் தேய்த்துக்கொள்ளட்டும், பிள்ளைகளுக்கு அதுவே குஷி.

உங்கள் ஸ்கூட்டிக்கு முதல் இடம் குறுக்குத்துறை. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள், கோயில் முங்கி எழும். முன்பக்கச் சுவர் படகு மூக்கு மாதிரி கூம்பி இருக்கும், வருகிற தண்ணீரைக் கிழித்து இரண்டு பக்கமும் அனுப்ப. பையனிடம் "இது ஏன் இப்படி இருக்கு, கண்டுபிடி" என்று மட்டும் கேளுங்கள், விடையை நீங்கள் சொல்லாதீர்கள். என் பேரன் அதற்காக இரண்டு தடவை கோயிலைச் சுற்றி வந்தான்.

படித்துறையில் கடைசிப் படிக்கு முந்தின படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டால் குட்டி மீன்கள் வந்து கொத்தும். நகரத்தில் இதற்குக் காசு வாங்குகிறார்களாம். உங்கள் சின்னவள் தண்ணீருக்குப் பயந்தவள் என்றீர்கள், இந்த இடத்தில் பயம் தெளியும். அவளை இழுக்காதீர்கள், நீங்கள் காலை விட்டுவிட்டு சும்மா இருங்கள்.

ஒன்றே ஒன்று கறாராகச் சொல்கிறேன். தாமிரபரணி பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் கசம் கிடக்கிற ஆறு. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த எட்டில் ஆள் இருக்காது. மணல் அள்ளின பள்ளம் வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எனக்குப் பழக்கமான இடமே மாறிவிட்டது, எந்த இடம் ஆழம் என்று நானே துணிந்து சொல்ல மாட்டேன். அதனால் கையில் ஒரு கம்போடு பெரியவர் முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு அதன் முழங்கால் அளவுதான் எல்லை. காற்று அடித்த டியூபை நம்பாதீர்கள். தனியாக ஒருத்தர் இரண்டு பிள்ளையோடு போகிற நாளில் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குளியல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு.

இரண்டாவது, பதனி. எத்தனை பேர் பிள்ளைகளுக்குப் பாட்டிலில் வாங்கிக் கொடுத்துவிட்டு இதுதான் பதனி என்கிறார்கள்! திருச்செந்தூர் ரோட்டில் செய்துங்கநல்லூர் பக்கம் எனக்குத் தெரிந்த பனையேறி ஒருவர் இருக்கிறார். விடியும்போது போய்விட்டால் அவர் இறங்கி வருவதைப் பார்க்கலாம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருப்பதைப் பேத்திக்குக் காட்டினார். "இதைத் தடவாவிட்டால்?" என்றாள். "கள்ளு" என்றார் ஒரே வார்த்தையில். மகள் என்னை முறைத்தாள், நான் மரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஓலையை மடித்துப் பட்டை கட்டி, அதில் ஊற்றி, இரண்டு நுங்கை வழித்துப் போட்டுக் கொடுத்தார். பட்டையைப் பிடிக்கத் தெரியாமல் பாதி சட்டையில். பெரியவனுக்கு ஒரு பட்டை, சின்னவளுக்கு அரைப் பட்டை, அதற்கு மேல் வேண்டாம், வயிறு இளகிவிடும்.

நுங்கைக் கரண்டியால் எடுத்துக் கொடுக்காதீர்கள். சீவின காயை அப்படியே கையில் கொடுத்து, பெருவிரலை விட்டு நோண்டி உறிஞ்சச் சொல்லுங்கள். தின்று முடித்த காய் இரண்டை வீட்டுக்கு எடுத்து வந்தால் மீதி நாளுக்கும் வேலை ஆயிற்று. ஒரு சாண் குச்சியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு காயைக் குத்தினால் சக்கரம். நீளமான கவட்டைக் கம்பை நடுக்குச்சியின் மேல் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. எங்கள் தெருவில் பேரன் ஓட்டியதைப் பார்த்து அடுத்த நாள் ஏழு வண்டி ஓடியது.

மூன்றாவது, தம்பியின் காரைக் கேட்டு வாங்கினால் கூந்தன்குளம். மூலைக்கரைப்பட்டி வழியாக 35 கிலோமீட்டர் போல வரும். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவையைப் பிள்ளை மாதிரி பார்த்து வந்தவர்கள், தீபாவளிக்குக்கூட வெடி போட மாட்டார்கள். நான் அங்கே மணியார்டர் கொண்டுபோன காலத்தில், வாசலில் நின்று கையெழுத்து வாங்குவதற்குள் தலையில் எச்சம் விழும். வீட்டு மரத்திலேயே கூடு. மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் பார்க்கலாம். ஜனவரி வாக்கில் கூடு கட்டத் தொடங்குகிறவை குஞ்சு பெரிதாகி ஜூன் வாக்கில்தான் கிளம்பும். குளத்தில் தண்ணீர் கிடக்கிற வருஷமாக இருக்க வேண்டும், அதை மட்டும் ஊரில் யாரிடமாவது கேட்டுக்கொண்டு போங்கள். காவல் கோபுரத்தில் ஏறினால் மொத்தமாகத் தெரியும். நாற்றம் அடிக்கும், அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தலைக்குத் தொப்பியோ துண்டோ கட்டாயம்.

திருப்புடைமருதூரும் நன்றாக இருக்கும். கடனாநதி வந்து சேருகிற இடம், கரையில் மருத மர நிழல், 2005-இலிருந்து அதுவும் பறவைகளுக்கான காப்பகம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன், இன்னொரு நாள் பார்ப்போம்.

ரயில் பைத்தியம்:

தாத்தா கலக்கிவிட்டார். என் பங்குக்கு ஒன்று: செங்கோட்டை பாசஞ்சர். எங்கேயும் போவதற்காக இல்லை, ரயிலுக்காகவே ரயில். ஜங்ஷனில் காலை வண்டியைப் பிடித்து அம்பாசமுத்திரத்தில் இறங்குங்கள். கல்லிடைக்குறிச்சியோடு இறங்கிவிடாதீர்கள். அதைத் தாண்டியதும்தான் தாமிரபரணிப் பாலம், பிள்ளைகள் கத்துகிற இடம் அதுதான். காருக்குறிச்சி வரும்போது, மண்பானை செய்கிற ஊர் என்று சொல்லி வையுங்கள். மேற்கே போகப் போக மலை கிட்டே வந்துகொண்டே இருக்கும். திரும்பும்போது பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளம் வாங்கிக்கொள்ளலாம். என் மகளுக்கு 4 வயது, எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு எது என்று இப்போது ஒப்பிக்கிறாள். எனக்குப் பெருமை, என் மனைவிக்குக் கவலை.

பாளை ஸ்கூட்டி:

அண்ணாச்சி, அச்சடித்து பிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். இரண்டு சந்தேகம். ஐந்து மணிக்கு இதுகளை எப்படி எழுப்புவது? பள்ளிக்கூட நாளிலேயே ஏழரைக்குத் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்புகிறேன். அப்புறம், பாபநாசம் அகத்தியர் அருவி? அங்கே எப்போதும் தண்ணீர் இருக்கும் என்கிறார்களே.

தபால்காரர் தாத்தா:

முந்தின நாள் ராத்திரி எட்டரைக்குப் படுக்கப் போட்டால் ஐந்துக்கு அதுகள் உங்களை எழுப்பும். போகிற உடுப்போடேயே தூங்கட்டும்.

அகத்தியர் அருவியில் கோடையிலும் தண்ணீர் விழும், உண்மை. ஆனால் 50 கிலோமீட்டருக்குக் குறையாது. வனத்துறை சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், சோப்பு, எண்ணெய் எதுவும் கொண்டுபோகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஐந்து வயதுக் குழந்தையை அருவிக்கடியில் நிறுத்துவது பெரும்பாடு. குரங்கு வேறு உங்கள் புளியோதரையை உங்களுக்கு முன்னால் சாப்பிடும். வார நாளில் அவருக்கு லீவு கிடைத்தால் போங்கள், இல்லையென்றால் குறுக்குத்துறைப் படியே போதும்.

வெயில் ஒவ்வாதவன்:

ஐந்தரை மணியா? நான் அறிவியல் மையத்திலேயே இருந்துகொள்கிறேன் தாத்தா.

பாளை ஸ்கூட்டி:

போய் வந்துவிட்டோம், சொல்லத்தான் வந்தேன். குறுக்குத்துறைக்கு மூன்று தடவை. முதல் நாள் மகள் படியில் என் மடியை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு பெருவிரலை மட்டும் விட்டாள். மூன்றாம் நாள் மீன் கொத்தியதும் போட்ட சத்தத்தில், அடுத்த படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி கையில் துணியோடு எழுந்து நின்றுவிட்டார்கள். படகு மூக்கை மகன் கண்டுபிடிக்கவில்லை, அவள்தான் சொன்னாள். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதனி. அவர் இரண்டு பட்டை குடித்துவிட்டு, நீங்கள் சொன்ன மாதிரியே, அன்றைக்குப் பூராவும் வீட்டை விட்டு நகரவில்லை. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நுங்கு வண்டியில்தான் சிக்கல் அண்ணாச்சி. இரண்டாம் நாளே சக்கரம் சுருங்கிக் குச்சியிலிருந்து கழன்றுவிட்டது. மொட்டை மாடியில் வைத்தால் எறும்பு. மகன் கேட்கச் சொன்னான்.

தபால்காரர் தாத்தா:

இளங்காயை வாங்கியிருக்கிறீர்கள், தின்ன அதுதான் ருசி, சக்கரத்துக்கு ஆகாது. அடுத்த தடவை கடுக்காய், அதாவது முற்றிப்போன நுங்குக்காய், இரண்டு தனியாகக் கேளுங்கள், யாரும் தின்ன மாட்டார்கள், சும்மாவே தருவார். குச்சியை வேம்பில் வெட்டி, முனையைக் காய்க்கு வெளியே இரண்டு விரல்கடை நீட்டி விடச் சொல்லுங்கள். எறும்புக்கு வைத்தியம் இல்லை. வண்டி வாசலில் நிற்கட்டும்.