ரொறன்ரோவுக்கு வடக்கில இருக்கிற சிம்கோ ஏரியில் பாஸ் மீன் பிடிக்கிறவை உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

ஸ்காபரோவில் இருந்து:

தொண்ணூறுகளில இருந்து சிம்கோவுக்குத் தூண்டிலோட போய்வாறன். அந்தக் காலத்தில ஜாக்சன்ஸ் பொயின்ற் பக்கம் கரையில நிண்டு எறிஞ்சாலே ஸ்மால்மவுத் பாஸ் கடிக்கும். பெருசில்லை, ஒண்டரை ரெண்டு பவுண்ட்தான். 3 பவுண்ட் மீன் வந்தால் பக்கத்தில நிக்கிறவையும் வந்து பாத்திட்டுப் போவினம். இப்ப அதே கரையில விடிய இருந்து பின்னேரம் மட்டும் நிண்டாலும் சின்னன்கள்தான். ஆனால் ஏரியில மீன் குறைஞ்சு போச்சுதெண்டு சொல்லாதேங்கோ. ஆழத்துக்குப் போறவைக்கு 5, 6 பவுண்ட் மீன் வருது. இலையுதிர் காலத்துப் போட்டியளில 5 மீன் சேர்த்து 25 பவுண்டுக்கு மேல நிறுக்கினம்.

இப்படி மாறினதுக்கு வெளியில இருந்து வந்து சேர்ந்த ரெண்டு உயிரினம் காரணம். முதல் வந்தது ஸீப்ரா மட்டி, அது தொண்ணூறுகளில பரவினது. ஒரு மட்டி ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் வரைக்கும் தண்ணி வடிச்சு, அதில இருக்கிற நுண்பாசியைத் தின்னும். அது கோடிக்கணக்கில கிடந்தால் தண்ணி கண்ணாடி மாதிரித்தானே வரும்? தெளிஞ்ச தண்ணியில மீனுக்கு எங்கட நிழலும் தெரியும், தங்கூசியும் தெரியும். பெரிய மீன் கரையை விட்டிட்டுது.

பிறகு வந்தது ரவுண்ட் கோபி எண்ட சின்ன மீன். 2004இல ஏரிக்குள்ள விழுற பெஃபர்லோ ஆற்றில கண்டுபிடிச்சவை. ஏரிக்குள்ள இறங்கவிடக் கூடாதெண்டு 2005இல ஆற்றின்ர ஒரு பகுதிக்கு ரொட்டினோன் எண்ட மீனைக் கொல்லுற மருந்து ஊத்தினவை. அடுத்த வருஷமே திரும்பவும் கோபி கண்டது. கோபி முட்டையைத் தின்னும், இனி பாஸ் அழிஞ்சுதெண்டு நாங்கள் எல்லாரும் பயந்தம். நடந்தது வேற. கோபிக்கு நீச்சல் பை, அதுதான் மீனை மிதக்க வைக்கிற காத்துப் பை, இல்லை, அடியில கல்லோட ஒட்டித்தான் கிடக்கும், பாஸுக்கு லேசாப் பிடிபடும். முந்தி இறால் மாதிரியான கிரேஃபிஷ் தேடி அலைஞ்ச மீனுக்கு இப்ப வருஷம் முழுக்க விருந்து. ஒருக்கா நான் பிடிச்ச மீனின்ர தொண்டையில கோபியின்ர வால் நீட்டிக்கொண்டு இருந்தது. விழுங்கி முடிக்க முதலே என்ர இரையையும் கடிச்சிருக்குது!

முட்டைப் பயம் பொய்யுமில்லை. ஆண் பாஸ்தான் கூட்டைக் காக்கும். அந்த ஆண் மீனைத் தூக்கினால் அது திரும்பிப் போக முதல் கோபியள் வந்து முட்டையைத் துடைச்சுப்போடும். ஜூன் பிற்பாதியில சீசன் துறக்க முதல், "பிடிச்சிட்டு விடத்தானே போறன்" எண்டு கூட்டில இருக்கிற மீனுக்கு எறியிறவையைக் கண்டால் எனக்குச் சரியான கோவம் வரும்.

பரியில் இருந்து:

அண்ணை, நீங்கள் சொன்ன ஆழம்தான் எனக்கும் கவலை. நான் போட்டில போறனான். 2018இல லைவ்ஸ்கோப் எண்ட, ஒலியலையால மீனைக் காட்டுற கருவி வந்தாப் பிறகு எல்லாம் தலைகீழ். போட்டுக்கு முன்னால மீன் நீந்துறதும் இரை இறங்குறதும் அப்படியே திரையில தெரியும். முந்தி மீன் நிக்கிற ஒரு கற்பாரைக் கண்டுபிடிக்க ரெண்டு மூண்டு சீசன் போகும். இப்ப புதுசா வாறவை கூடத் திரையைப் பாத்துத் தனித்தனி மீனாத் துரத்துகினம்.

ஐப்பசியில 35, 40 அடியில இருந்து மீனைத் தூக்கினால் என்ன நடக்குதெண்டு கிட்ட நிண்டு பாருங்கோ. வயிறு ஊதி, நீச்சல் பை தொண்டைக்குள்ள தள்ளிக்கொண்டு நிக்கும். தண்ணியில விட்டால் கீழ போகேலாமல் சரிஞ்சு மிதக்கும், பிறகு கடற்பறவை வந்து கொத்தும். இந்தக் குளிர் ஏரியில 5 பவுண்ட் மீன் வளரக் கன வருஷம் எடுக்கும். நான் இப்ப 30 அடிக்குக் கீழ எறியிறதில்லை. போட்டி வைக்கிறவையும் ஒரு ஆழ எல்லை போடவேணும் எண்டது என்ர அபிப்பிராயம்.

நியூமார்க்கெற்றில் இருந்து:

எங்களிட்டப் போட் இல்லை, பிள்ளையளோட கெஸ்விக் பக்கம்தான் போறது. அங்க இருக்கிற குக்ஸ் பே எண்ட குடா ஏரியின்ர மற்றப் பக்கங்கள் மாதிரி இல்லை அண்ணை. ஆழம் குறைவு, ஹொலன்ட் ஆறு தோட்டக் காணியளின்ர பசளையையும் சேர்த்துக் கொண்டுவாற இடம். சிம்கோ ஏரியைப் பாதுகாக்கிற 2009 திட்டத்தில, ஏரிக்குள்ள வாற பொஸ்பரசை வருஷத்துக்கு 44 தொன்னுக்கு இறக்க வேணும் எண்டு எழுதினவை, இன்னும் அந்த அளவுக்கு வரேல்லை. தண்ணி தெளிஞ்சதால வெளிச்சம் அடிமட்டும் போய்ப் பாசியும் கூடிப்போச்சுது.

ஆனால் அந்தப் பாசிக்குள்ள மற்ற வகைப் பாஸ், லார்ஜ்மவுத் இருக்கு. ஆடி ஆவணியில காலமை வெள்ளெனப் போங்கோ. ரப்பர் தவளையைப் பாசிக்கு மேலால மெதுவா இழுத்து, இடைவெளி வாற இடத்தில நிப்பாட்டுங்கோ. மீன் பாஞ்சு தண்ணி வெடிச்ச உடன இழுக்காதேங்கோ, தங்கூசி இறுகின பிறகு இழுங்கோ. என்ர மூத்தவள் போன கிழமை அப்படித்தான் 4 பவுண்ட் ஒண்டு எடுத்தவள்.