விளையாட்டு அறிவியல் படிப்பு: ஆய்வகத்திலும் மைதானத்திலும் கண்டதைப் பகிருங்கள்

பிளஸ்டூ_மதுரை

விளையாட்டு வீரர்களின் செயல்திறனை மேம்படுத்தும் வேலைக்குப் போக ஆசை. பி.எஸ்சி. விளையாட்டு அறிவியல் சேரலாம் என்று இருக்கிறேன். படிப்பில் எது வேலைக்கு உதவும், எங்கே சறுக்கும்? துறையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

வலிமை_கோவை

தம்பி, எந்தப் படிப்பு எந்த வேலைக்கு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் பி.டி. ஆசிரியராக பி.பி.எட். காயத்துக்குச் சிகிச்சை கொடுக்க பிசியோதெரபி. ஒரு குறிப்பிட்ட விளையாட்டில் கோச் ஆவதற்கு, 1961-ல் தொடங்கிய பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) கொடுக்கும் டிப்ளமோவுக்கு மதிப்பு அதிகம். விளையாட்டு அறிவியல் படித்தவரின் இடம் கோச்சுக்குப் பக்கத்தில். வீரரை அளப்பது, பயிற்சிச் சுமையைக் கணக்கிடுவது, வலிமைப் பயிற்சியைத் திட்டமிடுவது எல்லாம் அவர் வேலை. இந்தப் பட்டத்தை வைத்து பிசியோ வேலை கேட்டு வருபவர்கள் நிறைய. கிடைக்காது, அது வேறு தகுதி.

தமிழ்நாட்டில் மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகம், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, வெளியே குவாலியர் லட்சுமிபாய் நிறுவனம் என்று இடங்கள் உண்டு. எங்கே விசாரித்தாலும் மெஷின் பட்டியலைக் காட்டுவார்கள். நீங்கள் அங்குள்ள சீனியரைப் பிடித்து, ஒரு செமஸ்டரில் எத்தனை பேரைத் தன் கையால் அளந்தார் என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து முடிவெடுங்கள்.

ஆய்வக_மேசை

அதே கருத்துதான். மறுமுறை அளந்தால் அதே எண் வரவில்லை என்றால் அந்த எண்ணை நம்பி எந்த கோச்சும் பயிற்சியை மாற்ற முடியாது. இதை நன்றாகக் காட்டுவது தோல்மடிப்பு அளவீடு, அதாவது தோலையும் அடியிலுள்ள கொழுப்பையும் கிள்ளித் தூக்கி அதன் தடிமனை அளப்பது. சாதாரணமாகத் தெரியும், ஆனால் கை பழக மாதக்கணக்கில் ஆகும்.

உடலில் எட்டு இடங்கள், எல்லாம் வலது பக்கம். பின்புஜத்தை (மேல்கையின் பின்பக்கம்) எடுத்துக்கொள்ளுங்கள். தோள்முனை எலும்புக்கும் முழங்கை அருகே ஆரை எலும்பின் மேல்நுனிக்கும் நடுவே டேப் வைத்து, பேனாவால் குறிக்க வேண்டும். கண்மதிப்பில் கிள்ளக் கூடாது. குறியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடிப்பைத் தூக்கும். காலிப்பரின் (தடிமன் அளக்கும் இடுக்கி) முனை அதற்கு ஒரு செ.மீ. தள்ளி, நகத்தின் நடுப்பகுதி அளவு ஆழத்தில் உட்கார வேண்டும். காலிப்பரை முழுதாக விட்டு, இரண்டு வினாடி கழித்துப் படியுங்கள். படிக்கும்வரை இடது கை மடிப்பை விடக் கூடாது. புதியவர்கள் விட்டுவிடுவது இங்கேதான். விட்டால் முள் இறங்கிக்கொண்டே போகும்.

எட்டு இடமும் ஒரு சுற்று முடித்த பிறகே இரண்டாம் சுற்று. ஒரே இடத்தை அடுத்தடுத்து இருமுறை கிள்ளினால் திசு அமுங்கி இரண்டாவது அளவு குறையும். முதல் எண் நினைவில் நின்று கையையும் இழுக்கும். இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை அளந்து நடு எண்ணை எடுக்க வேண்டும். பயிற்சி முடிந்து வியர்வையோடு வருபவரை அளக்காதீர்கள்.

பிறகு உங்கள் பிழையைக் கணக்கிடுங்கள். 20 பேரை இருமுறை அளந்து, ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டி, 40-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் உங்கள் அளவீட்டுப் பிழை. எட்டு மடிப்பின் கூட்டுத்தொகை 70 மி.மீ., பிழை 1.4 மி.மீ. என்று வையுங்கள். அதை 2.77-ஆல் பெருக்கினால் சுமார் 3.9 மி.மீ. வரும்; மாற்றம் அதைத் தாண்டினால்தான் உண்மையானது என்று நம்பலாம். வீரருக்கு 3 மி.மீ. குறைந்திருந்தால் "கொழுப்பு குறைந்தது" என்று அடித்துச் சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை. கூட்டுத்தொகையைச் சூத்திரத்தில் போட்டுக் கொழுப்புச் சதவீதமாக்குவதையும் தவிர்க்கலாம். சூத்திரத்தின் பிழை மேலே சேரும், அவ்வளவுதான்.

தடகளம்_திருச்சி

மைதானத்தில் ஓட்டம், தாவல் சோதனைகளில் நடப்பதைச் சொல்கிறேன்.

ஸ்டாப் வாட்சில் எடுத்த 100 மீட்டர் நேரத்தையும் மின்னணு நேரத்தையும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது. துப்பாக்கிச் சத்தத்துக்குக் கை எதிர்வினை காட்டத் தாமதமாவதால் கைநேரம் குறைவாகவே வரும். ஒப்பிடுவதற்கு வழக்கமாகக் கூட்டுவது 0.24 வினாடி. போன வருடம் கையால், இந்த வருடம் டைமிங் கேட்டில் (ஒளிக்கதிரைக் கடந்ததும் நேரத்தைப் பதியும் கருவி) என்று எடுத்துவிட்டு, பையன் மெதுவாகிவிட்டான் என்று கோச்சிடம் கொடுத்தால் என்ன ஆகும்!

டைமிங் கேட்டிலும் கவனம் வேண்டும். முதல் கேட்டுக்கு 50 செ.மீ. பின்னால் முன்கால் வைக்கும் கோட்டை டேப் ஒட்டிக் குறியுங்கள். அந்தத் தூரம் சோதனைக்குச் சோதனை மாறினால் 10 மீட்டர் நேரமும் மாறும். ஒற்றைக் கதிர் கேட் என்றால் வீசும் கை முன்னதாக வெட்டிவிடும், ஆகவே இடுப்பு உயரத்தில் வையுங்கள். ஸ்பைக்ஸா ஷூவா, புல்லா சிந்தெடிக்கா, காலையா மாலையா, மூன்றையும் தாளிலேயே எழுதுங்கள்.

தாவலுக்கு ஜம்ப் மேட் வைத்தால் அது உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. காற்றில் இருந்த நேரத்தின் வர்க்கத்தை 9.81-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்கிறது. 0.50 வினாடிக்கு 30.7 செ.மீ. அதே வீரர் இறங்கும்போது முழங்காலை மடக்கி 0.53 ஆக்கினால் 34.4 செ.மீ. வலிமை ஒரு துளி கூடாமல் கிட்டத்தட்ட 4 செ.மீ. "லாபம்". கால்கள் நீட்டி இறங்காத தாவலை அங்கேயே ரத்து செய்யுங்கள். கைகள் இடுப்பில் என்றால் எல்லாத் தாவலுக்கும் இடுப்பில்தான்.

பிளஸ்டூ_மதுரை

நன்றி அண்ணா. ரத்தப் பரிசோதனை எல்லாம் நாங்களே செய்யணுமா?

ஆய்வக_மேசை

லாக்டேட் (கடும் பயிற்சியில் ரத்தத்தில் கூடும் பொருள்) எடுக்கப் பழக்குவார்கள். காது மடலிலோ விரல் நுனியிலோ ஒரு குத்து. வியர்வையில் லாக்டேட் உண்டு, ஒரு துளி கலந்தாலும் எண் எகிறும். அதனால் இடத்தைத் துடைத்து, ஸ்பிரிட் முழுதும் உலர்ந்த பிறகு குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுக்க வேண்டும். ரத்தம் வரவில்லை என்று விரலை அழுத்திப் பிழிந்தால் திசு நீர் கலக்கும். ஒவ்வொருவருக்கும் புது ஊசி, புதுக் கையுறை. சென்னை வெயிலில் ஸ்ட்ரிப் (ரத்தச் சொட்டை வைக்கும் சோதனைப் பட்டை) டப்பாவை டிராக்கில் திறந்து வைக்காதீர்கள்.

நம் ஊர் வெக்கைக்கு இதைவிடப் பயன்படுவது எடை மெஷின். பயிற்சிக்கு முன் 60.0 கிலோ, 90 நிமிடம் கழித்து 58.9, இடையில் குடித்தது அரை லிட்டர் என்றால், வெளியேறிய வியர்வை 1.6 லிட்டர், மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். நடுவே சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழிக்க வேண்டும். நனைந்த பனியனோடு ஏற்றினால் கணக்கு பொய்; துண்டால் துடைத்து, இரு முறையும் குறைந்த, உலர்ந்த உடையில் ஏற்றுங்கள். எடை கூடியே திரும்புகிறவர் தேவைக்கு மேல் குடிக்கிறார். அதுவும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கும்.

வலிமை_கோவை

வேலைக்குச் சேரும்போது பட்டத்தோடு கேட்கப்படுவது பெரும்பாலும் அமெரிக்க என்.எஸ்.சி.ஏ. அமைப்பு தேர்வு வைத்துக் கொடுக்கும் சி.எஸ்.சி.எஸ். என்ற வலிமைப் பயிற்சியாளர் சான்றிதழ். இறுதியாண்டிலேயே எழுதலாம், சி.பி.ஆர். (இதயம் நின்றால் செய்யும் முதலுதவி) சான்றும் வேண்டும். அறிவியல் அடிப்படை ஒரு தாள், நடைமுறை ஒரு தாள். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். படம், வீடியோ பார்த்து நுட்பப் பிழை சொல்லும் கேள்விகளில்தான் ஜிம் வாசலை மிதிக்காதவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

புதிய வீரரை ஒரே தூக்கில் அதிகபட்ச எடை தூக்கவைக்கத் தேவையில்லை. 80 கிலோவை நல்ல நுட்பத்தோடு ஐந்து முறை தூக்கினால், அதோடு முப்பதில் ஐந்து பங்கு கூட்டி 93 கிலோ என்று மதிப்பிடலாம். பத்து முறைக்கு மேல் போனால் அந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல.

சப்ளிமென்ட் விஷயத்தில் தயவுசெய்து கவனம். வீரரின் உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், எப்படி வந்தாலும் பொறுப்பு அவருடையது. துணைப் பணியாளரும் தண்டிக்கப்படலாம். இந்தியாவில் 2022-ல் ஊக்கமருந்துத் தடுப்புக்கென்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது. கடைக்காரர் கொடுத்த பவுடரைப் பரிந்துரைக்காதீர்கள். தயாரிப்புத் தொகுதிவாரியாக (பேட்ச்) சோதிக்கப்பட்டதா என்று பார்த்து, தொகுதி எண்ணை எழுதி, அதே தொகுதியில் ஒரு டப்பாவைத் திறக்காமல் வையுங்கள்.

பிளஸ்டூ_மதுரை

நான் பயாலஜி குரூப். கணக்கு வேண்டுமா?

தடகளம்_திருச்சி

பிளஸ் டூ கணக்கு தேவைப்படாது, புள்ளியியல் தேவை. சராசரி, திட்டவிலக்கம், அளவீட்டுப் பிழை மூன்றையும் எக்செல்லில் போடத் தெரிந்தால் முதல் வருடத்திலேயே முன்னால் இருப்பீர்கள். பயிற்சிச் சுமையும் அப்படித்தான்: முடிந்து அரைமணி கழித்து "எவ்வளவு கடினம்" என்று 0 முதல் 10 வரை கேட்டு, நிமிடத்தால் பெருக்குங்கள். 7 சொன்னால், 80 நிமிடத்துக்கு 560. சக வீரர்கள் காதில் விழாமல் கேளுங்கள். கூட்டத்தில் யாரும் 9 சொல்ல மாட்டார்கள். காலையில் எடுத்த எண்கள் மாலைப் பயிற்சிக்கு முன் ஒரே பக்கத்தில் கோச் கையில் இருக்க வேண்டும். யாருக்கு இன்று சுமை குறைக்க வேண்டும் என்பது முதல் வரியில், வரைபடம் எல்லாம் கீழே.