கல்லூரித் தற்காலிகப் பணியாளர்களின் வைப்பு நிதி: வழிகாட்டல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் நான்கு ஆண்டுகளாகத் தற்காலிக அலுவலக உதவியாளராகப் பணிபுரிகிறேன். எங்களை ஒப்பந்ததாரர் வழியாக நியமித்திருக்கிறார்கள். பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் மட்டும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட விடாமல், மறுநாள் புதிதாகச் சேர்ந்ததாக எழுதிக்கொள்கிறார்கள்.

10,000 ரூபாய் ஊதியத்தில் வருங்கால வைப்பு நிதிக்கு 1,200 ரூபாயும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்கு 75 ரூபாயும் மாதந்தோறும் பிடிப்பதாகச் சம்பளச் சீட்டில் இருக்கிறது; ஆனால் வைப்பு நிதிக் கணக்கைப் பார்க்க உதவும் 12 இலக்க யு.ஏ.என். எண்ணோ ஈ.எஸ்.ஐ. அட்டையோ எங்களில் ஒருவருக்கும் தரப்படவில்லை. துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர், மடிப்பிலேயே கிழிந்துபோன சீட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, “தம்பி, இந்தப் பணம் எங்க போகுதுன்னு பார்த்துச் சொல்லு” என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரம்தான் அவர் மகளின் காய்ச்சலுக்குக் கடன் வாங்கிச் செலவு செய்திருந்தார்.

பிடித்த தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும் என்பதும், ஒப்பந்ததாரர் தவறினால் முதன்மை வேலையளிப்பவரான கல்லூரியே பொறுப்பேற்க வேண்டும் என்பதும் அறிவேன். நியமன ஆணை இல்லாத நிலையில் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் மட்டும் வைத்துப் புகார் அளிக்கலாமா? அந்த ஒரு நாள் இடைவெளி எங்கள் பணித்தொடர்ச்சியைப் பாதிக்குமா? புகார் அளிப்பவரின் பெயர் நிர்வாகத்துக்குத் தெரியாமல் காக்க முடியுமா? வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் கையெழுத்திடத் தயங்குவதால், இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலே எங்களுக்கு முதலில் தேவைப்படுகிறது. இவ்வாறு புகார் அளித்துத் தொகையைப் பெற்றவர்களும் தொழிலாளர் சட்டம் அறிந்தவர்களும் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.